குறிப்பு: கட்டாயமில்லை

மாங்குளத்தில் இரவு ஒன்றரை.
ஏ-நைன் வீதியில் ஒரு பஸ் போகிறது,
யன்னல் ஒருமுறை நடுங்கி நிற்கிறது.
புது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு
அறுநூற்றுப் பதினொரு பெட்டிகளைப் பதிகிறேன்.

மூன்று கொம்பனி, மூன்று குணம்.
ஒன்று மாதத்துக்கொருக்கா கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும்.
ஒன்றுக்குச் சீனம் மட்டும்தான் விளங்கும்.
மற்றது கேட்டால் பதில் சொல்லாது, ஆனால் வேலை செய்யும்,
எங்கள் கணக்காளர் தவசீலனைப் போல.
இதுவரை ஒவ்வொன்றையும் அதனதன் கதவடியில் போய்த்தான் கூப்பிட்டோம்.
விடிந்தால் எல்லாம் ஒரே திரை.
இருந்த இடத்திலிருந்து எதையும் எழுப்பலாம், அணைக்கலாம்.
அணைக்கலாம் என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள்.
திரைக்கு ஒன்றுதான் தெரியும்.

அஸ்மீர் கொழும்பிலிருந்து அனுப்பிய தாளில்
பெயருக்கு இடமில்லை.
வலயம். தொகுதி. அறை.
இந்த ஒழுங்கை நான் முன்பும் பாடமாக்கியிருக்கிறேன்.
ஏழு வயதில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே,
துலைந்துபோனால் சொல்லவேண்டுமென்று
அம்மா என் முழங்கைக்குக் கீழே நீலப் பேனையால் எழுதிவிட்டா:
வலயம் நாலு, தொகுதி பன்னிரண்டு, கூடாரம் ஏழு.
தண்ணீர் பவுசருக்கு நிற்கையில் வியர்த்துக் கரையும்.
இரவில் திரும்ப எழுதுவா.

அஸ்மீருக்கு இதைச் சொல்லவில்லை.
"நல்ல முறை, மிஸ். ஒன்று விழுந்தால்
தேடாமல் நேரே கட்டிலடிக்கே போகலாம்" என்றார்.
அதுவும் உண்மைதான்.

கண்ணாடி இழைக்கும் ஒரு நியாயம் உண்டு.
மோதிர அளவுக்கு வளைத்தால்
உள்ளே போகிற வெளிச்சம் வழியில் சிந்திவிடும்.
ஒன்றை முப்பத்திரண்டாய்ப் பிரித்தால்
ஒவ்வொன்றும் கொஞ்சம் களைத்துத்தான் போய்ச் சேரும்.
அதற்குக் கணக்கு இருக்கிறது. கணக்குக்குள் நிற்கிறோம்.

இரண்டு ஐந்துக்கு ஒன்று சிவந்தது.
மூன்று, இரண்டு, ஒன்பது.
காரணம் கேட்டேன். திரை சொன்னது:
கடைசி மூச்சு.

மின் அறுகிற கணத்தில் பெட்டி அனுப்பும் சேதிக்கு
யாரோ அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
இழை முறிந்தால் அதைக்கூடச் சொல்லாமல் போய்விடும்.
ஆகவே இழை ஒட்டும் கருவி வேண்டாம், ரோச் லைற் போதும்.
படியேறும்போதுதான் உறைத்தது:
சேதி வந்தது பிரசவ விடுதியிலிருந்து.

லிப்ட் இன்னும் சோதனையில்.
நேர்ஸ் வாயைத் திறக்காமல் கண்ணால் அறையைக் காட்டினா.
சுவரில் ஒரேயொரு பிளக்.
பெட்டியின் வயர் கழன்று தொங்க
அதன் இடத்தில் ஒரு போன் சார்ஜர்.

ஒட்டுசுட்டான் பிள்ளை, துளசிகா.
மடியில் பதினொரு மணித்தியாலம் வயதான ஒன்று.
"இவர் கட்டாரில, அக்கா. வைபையில காட்டுவம் எண்டு பாத்தன்.
போன் சாகப்போச்சு. அதைக் கழட்டிப்போட்டு இதைக் கொழுவினன்.
கொழுவினதும் வைபை போட்டுது.
உங்கட வைபை சரியில்லை."

போனுக்குள் மஞ்சள் தொப்பிக்காரன் ஒருவன்
வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறான்.

நான் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது சிரித்தேன்.
அதற்குமுன் என் பவர் பாங்கை அவள் போனுக்குக் கொடுத்து
பெட்டியைத் திரும்பக் கொழுவினேன்.
இரண்டு நிமிடம். அது தான் யாரென்று சொல்லி,
கீழேயிருந்து அனுமதி போய்ச் சேர்ந்து,
பச்சை.
தொப்பிக்காரனின் வாய் மூடித் திறந்தது:
"மூக்கு... மூக்கு ஆரின்ர மூக்கு?"

அறுநூற்றுப் பதினொன்றும் பச்சை.
படிவத்தின் கடைசிக் கட்டம்: குறிப்பு, கட்டாயமில்லை.
அறுநூற்றுப் பத்துத் தரம் வெறுமையாய் விட்டு வந்த கட்டம்.
"இந்த அறைக்கு இன்னுமொரு பிளக் பொயின்ற் வேணும், எல்லா அறைக்கும்தான்"
என்று அடித்தேன்.
நீளம் கூட என்றது.
"இன்னொரு பிளக் வேணும்."

ஏற்றுக்கொண்டது.